இருபது சதவீதமா, முப்பதா? வெள்ளக் கணக்கில் காலநிலை மாற்றத்தை எங்கே சேர்ப்பது

"காலநிலை மாற்றத்துக்காக எத்தனை சதவீதம் கூட்டுவது?" ஆற்றுப் பாலமோ, ஏரியின் மிகுநீர் வழியும் கலிங்கோ, வெள்ளத் தடுப்புக் கரையோ, எதை வடிவமைக்கும் இளம் பொறியாளரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் தவறில்லை. ஆனால் எந்த எண்ணின் மேல் கூட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அது நாற்பது ஆண்டுக்கு முந்தைய அறிக்கையில் எடுத்த எண்ணா, போன ஆண்டு வரைக்குமான மழையை வைத்துப் போட்ட எண்ணா? அதைப் பொறுத்து, அதே இருபது சதவீதம் ஓரிடத்தில் போதும். இன்னோரிடத்தில் எதற்கும் உதவாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை தென்பெண்ணைப் படுகையில் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டது. கீழே, அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கச் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி மூன்று மாதம் முன்புதான் திறந்திருந்த உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பாலம் சுமார் 54,000 கனஅடிக்கு வடிவமைக்கப்பட்டது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. இதில் இருபது சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 65,000. முப்பது கூட்டினால் 70,000. இரட்டிப்பாக்கினாலும் அன்று வந்த வெள்ளத்துக்குப் பக்கத்தில் போகாது. அணைத் திறப்பு தனியாகப் பேசவேண்டிய விஷயம் என்பது உண்மைதான். ஆனாலும் சதவீதத்தைப் பற்றி மட்டுமே விவாதித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆறுகளை மனதில் வைத்து, இன்று கையில் உள்ள ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் தரவு. ஆற்றில் அளவீடு இருக்கிறதா, மழைமானி மட்டும்தானா, இரண்டுமே இல்லையா?

அடுத்து ஆயுள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். 60 ஆண்டு நிற்கும் பாலம் தன் ஆயுளில் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 45 சதவீதம். இது காலநிலை மாறாத உலகத்தின் கணக்கு.

மூன்றாவது, கணக்கு பொய்த்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பது. வயல் வழித் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் இரண்டு நாள் சுற்றிப் போகலாம். மருத்துவமனைக்குப் போகும் ஒரே சாலை என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

நான்காவதாக, காலநிலை மாற்றம் கணக்கில் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்க்க வேண்டும்: மழையிலா, ஆற்று நீரிலா? கடைசியாக, பதினைந்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்தக் கணக்கை எடுத்துத் திருத்த முடியுமா? இந்த ஐந்தில் பலரும் விட்டுவிடுவது நான்காவதை.

## வழி 1: பழைய சூத்திரம், மேலே ஒரு சதவீதம்

ரைவ்ஸ் சூத்திரம் நம் பகுதி ஆறுகளுக்கென்றே 1884இல் வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று விடை வரும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8. 80 முதல் 160 கி.மீ. வரை 8.5. மலையை ஒட்டிய சில பகுதிகளுக்கு 10.2.

1000 சதுர கி.மீ. பரப்புக்குப் போட்டுப் பாருங்கள். 6.8 என்றால் 680 கனமீட்டர், அதாவது 24,000 கனஅடி. 8.5க்கு 30,000. 10.2க்கு 36,000. கெழுவைத் தேர்ந்தெடுப்பதிலேயே விடை ஒன்றரை மடங்கு மாறிவிடுகிறது. எந்தக் கெழு என்று யோசிக்காமல், காலநிலைக்கு இருபதா இருபத்தைந்தா என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் பயனில்லை.

மொத்தமாக ஒரு சதவீதம் கூட்டும் பழக்கத்துக்கு முன்னோடியாகப் பலரும் இங்கிலாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே நெடுங்காலம் ஆற்றின் உச்ச வெள்ளத்தில் 20 சதவீதம் கூட்டி வந்தது உண்மை. ஆனால் 2016இல் அதைக் கைவிட்டுப் பெரிய ஆற்றுப் படுகை ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார்கள். 2021இல் இன்னும் சிறிய நீர்ப்பிடிப்பு அலகுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அலகுக்கும் 2020கள், 2050கள், 2080கள் என்று மூன்று காலகட்டங்கள். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் நடு மதிப்பு, அதற்கு மேல் ஒன்று, உச்ச எல்லை ஒன்று. ஒரே மழை மாற்றத்துக்கு ஒவ்வோர் ஆறும் வேறுவேறாக நடந்துகொள்கிறது என்று கண்டதால்தான் இத்தனை பிரிப்பு. அவர்களே விட்டுவிட்ட ஒற்றை எண்ணை நாம் வைகைக்கும் பாலாற்றுக்கும் எடுத்து வரக் காரணமே இல்லை.

வயல் ஓடையில் ஒரு சிறுபாலம், உடைந்தாலும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்ற நிலையில் இந்த வழி போதும். வேறு வழியில் போட்ட விடை பத்து மடங்கு தப்பியிருக்கிறதா என்று சரிபார்க்கவும் உதவும்.

## வழி 2: ஆற்றின் சொந்தப் பதிவு

மத்திய நீர் ஆணையம் தாமிரபரணியில் முறப்பநாடு, தென்பெண்ணையில் வாழவச்சனூர் போன்ற இடங்களில் நீரோட்டத்தை அளக்கிறது. ஆண்டுதோறும் வந்த உச்சத்தை வரிசைப்படுத்தி, கம்பல் அல்லது லாக்-பியர்சன் என்னும் நிகழ்தகவுப் பரவலில் பொருத்தினால் நூறாண்டு வெள்ளம் கிடைக்கும். ஆறு தானே கொடுத்த எண் என்பதால் இதன் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் இதை முழுதாக நம்பிவிடவும் கூடாது.

ஒரு முறை ஓர் அணைக்கட்டின் பழைய அளவுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெள்ள நாளன்று மணிக்கு மணி நீர்மட்டம் எழுதியிருந்தது. இரவு பதினொன்றுக்குப் பிறகு விடியற்காலை ஆறு மணி வரை கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் பென்சிலில், "அளவுகோல் மூழ்கிவிட்டது" என்று ஒரு வரி. அந்த மனிதர் அந்த இருட்டிலும் கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த ஆண்டின் உச்சம் என்று பின்னால் அட்டவணையில் ஏறியிருந்தது இரவு பதினொரு மணி அளவு. உண்மையான உச்சத்தை யாரும் எழுதவே இல்லை. பெருவெள்ளத்தில் நீரின் வேகத்தைக் கருவி இறக்கி அளப்பதும் அரிது. சிறு வெள்ளங்களில் அளந்த மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள கோட்டை மேலே நீட்டித்தான் பெரிய எண் வருகிறது.

பதிவு குறுகியதாக இருந்தால் ஒரே ஒரு ஆண்டு விடையைப் புரட்டிப் போடும். ஓர் உதாரணக் கணக்கு: 30 ஆண்டு உச்சங்களின் சராசரி 400 கனமீட்டர், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 200 என்று வைத்துக்கொள்வோம். கம்பல் முறையில் நூறாண்டு வெள்ளம் சுமார் 1,027. முப்பத்தோராம் ஆண்டு 1,500 கனமீட்டர் வந்துவிட்டது என்றால் அது சுமார் 1,310 ஆகிவிடும். காலநிலைக்கென்று எதுவும் கூட்டாமலேயே 27 சதவீத ஏற்றம். 2015க்கு முன்போ 2023க்கு முன்போ நின்றுபோன தரவை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்பது இதில் தெரியும்.

பதிவில் ஏறுமுகம் தெரிகிறதே, அதையே 2080 வரை நீட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். முப்பது ஆண்டுப் பதிவில் தெரியும் ஏற்றம் இரண்டு நல்ல மழை ஆண்டுகளின் வேலையாக இருக்கலாம். ஆற்றுக்குக் குறுக்கே நடுவில் அணை வந்திருக்கலாம். மணல் அள்ளியதில் படுகை இறங்கி, பழைய மட்டக் கோடே பொருளற்றுப் போயிருக்கலாம். நான் நீட்டுவதில்லை.

ஐம்பது ஆண்டு நம்பகமான பதிவும், மேலே பெரிய அணை இல்லாத ஆறும் அமைந்தால் அடிப்படை எண்ணுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. காலநிலைக் கூட்டலை இதற்கு வெளியே தேட வேண்டும்.

## வழி 3: மழையில் கூட்டி, ஆற்றுக்கு இறக்குவது

என் தேர்வு இதுதான், அதனால் இங்கே சற்று அதிகமாகப் பேசுகிறேன்.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். உலக அளவில் ஒரு நாள் பெருமழையும் டிகிரிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வலுக்கும் என்பதே ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை சொல்வது. காலநிலை மாற்றம் முதலில் தொடுவது மழையைத்தான். ஆகவே அதை மழையில் சேர்த்துவிட்டு, மண்ணும் சரிவும் ஏரியும் அதை என்ன செய்கின்றன என்பதைத் தனியாகக் கணக்கிடுவதுதான் முறை.

எத்தனை சேர்ப்பது? ஆஸ்திரேலியா 2024இல் தன் வெள்ள வழிகாட்டியைத் திருத்தியது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும் மழைக்கு டிகிரிக்கு 8 சதவீதம், ஒரு மணி நேரமும் அதற்குக் குறைவும் ஆன மழைக்கு டிகிரிக்கு 15 சதவீதம் என்று வைத்தார்கள். நம் ஊருக்கென்று கணித்த எண்கள் இல்லை என்றாலும், மழையின் கால அளவுக்கு ஏற்பக் கூட்டலும் மாற வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் அடிப்படை மழை 1951 முதல் 1980 வரையிலான தரவில் வந்தது என்று கொள்வோம். அந்தக் காலத்து உலக வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 0.3 டிகிரி கூடுதல். நடுத்தர உமிழ்வுப் பாதையில் இந்த நூற்றாண்டின் இறுதிக்கு 2.7 டிகிரி என்பது ஐபிசிசியின் மதிப்பீடு. இடைவெளி 2.4 டிகிரி. டிகிரிக்கு 8 சதவீதம் என்றால் மழையில் 20 சதவீதம் கூடும். ஒரு மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும் சிற்றோடைக்கு, டிகிரிக்கு 15 என்று வைத்தால், 40 சதவீதம். இந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, ஏனென்றால் 2011 முதல் 2020 வரையிலான சராசரியே 1.1 டிகிரி. பழைய அறிக்கையின் எண்ணைத் திருத்தாமல் எடுத்துக்கொள்பவர் எதிர்காலத்தை மட்டுமல்ல, இன்றையும் விட்டுவிடுகிறார்.

மழையில் 20 கூடினால் ஆற்றில் 20தான் கூடும் என்று எண்ண வேண்டாம். மண்ணும் நிலமும் மழையில் எவ்வளவை ஓடவிடும் என்பதை ஓர் எண்ணால் குறிப்பது வளைவெண் முறை; எண் கூடக் கூட ஓட்டமும் கூடும். அதன்படி, வளைவெண் 75 உள்ள நிலத்தில் 200 மி.மீ. மழைக்கு 125 மி.மீ. ஓடிவரும். 240 மி.மீ. பெய்தால் 162 மி.மீ. ஓடிவரும். 29 சதவீத ஏற்றம். வளைவெண் 60 உள்ள, நீரை நன்றாக உறிஞ்சும் நிலத்தில் அதே கூட்டலுக்குச் சுமார் 38 சதவீதம் ஏறுகிறது. மண் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்த பிறகு, கூடுதலாக விழும் மழையில் பெரும்பகுதி ஓடையில்தான் சேர்கிறது. ஆற்று நீரில் நேராக ஒரே சதவீதத்தைக் கூட்டும் முதல் வழி இந்த வேறுபாட்டை அப்படியே விழுங்கிவிடுகிறது.

செய்வது கடினமில்லை. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 0.25 டிகிரிக் கட்ட மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. மத்திய நீர் ஆணையம் நாட்டை 26 உட்பகுதிகளாகப் பிரித்து வெளியிட்ட வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளில் அலகு நீர்வரைபடத்துக்கான (ஓர் அலகு மழைநீர் ஆற்றில் நேரத்தோடு எப்படி ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் கோடு) சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றின் மழை வரைபடங்கள் பழையவை, அவற்றை மட்டும் புதிய தரவில் மாற்றிக்கொள்ளுங்கள். மழையை ஆற்று ஓட்டமாக மாற்றிக் கணக்கிடும் ஹெக்-எச்எம்எஸ் மென்பொருள் இலவசம்.

கவனிக்க ஒன்று: மழைமானி அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைக்கானது. புயல் மழை அந்த நேரம் பார்த்துப் பெய்வதில்லை. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் முழுதும் பெய்தது இரண்டு நாள் கணக்கில் பிரிந்து ஏறும். இதற்காக நாள் மழையை 13 முதல் 15 சதவீதம் உயர்த்துவது வழக்கம். இந்தத் திருத்தத்தைக் காலநிலைக் கூட்டல் என்று நினைத்து ஒன்றை மட்டும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. இரண்டும் வேண்டும்.

## வழி 4: காலநிலை மாதிரிகளிலிருந்து நேராக

நாசாவின் தரவுத் தொகுப்பு ஒன்று சுமார் 35 உலகக் காலநிலை மாதிரிகளை 25 கி.மீ. கட்டங்களுக்கு இறக்கித் தருகிறது. அதை நீரியல் மாதிரியில் ஓட்டி 2080ஆம் ஆண்டின் வெள்ளத்தை எடுக்கலாம். பெரிய அணை, முழுப் படுகைத் திட்டம், பல்கலைக்கழகக் குழு என்று அமைந்தால் செய்யத்தக்கது. 200 சதுர கி.மீ. ஓடைக்கு இது பொருந்தாது, ஏனென்றால் ஒரே கட்டமே 600 சதுர கி.மீ.யைத் தாண்டுகிறது. வங்கக் கடலின் தாழ்வு மண்டலம் ஒன்று கரையோரம் ஓரிடத்தில் நின்று கொட்டுவதை இந்த மாதிரிகள் சரியாகப் பிடிப்பதில்லை. நம் ஆறுகளின் பெருவெள்ளமோ அந்த மழையில்தான் வருகிறது. ஆறு மாத உழைப்புக்குப் பின் மாதிரிக்கு மாதிரி முரண்படும் விடைகள் கையில் நிற்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து அறிக்கையில் போடுவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய தவறு.

## வழி 5: நடந்த மழையை இடம் மாற்றிப் பார்ப்பது

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரில் 69 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு சிக்கி நின்றது. பாபநாசமும் மணிமுத்தாறும் மலையடிவாரத்தில் இருக்க, இந்த மழை அணைகளுக்குக் கீழே சமவெளியில் விழுந்தது. அணையின் கொள்ளளவு அந்த நீரை ஒரு சொட்டும் தடுக்க வழியில்லை.

அந்தப் புயலை உங்கள் படுகையின் மேல் தூக்கி வையுங்கள். ஒரு புள்ளியின் 95 செ.மீ.யைப் படுகை முழுக்கப் பரப்பக் கூடாது. சுற்றியுள்ள மழைமானிகள் அனைத்தையும் வைத்துப் பரப்புச் சராசரியை எடுக்க வேண்டும். வேலூரில் காயல்பட்டினத்து மழையை வைப்பதும் நியாயமில்லை. கடலோரச் சமவெளிக்குக் கடலோரப் புயல், உள்மாவட்டத்துக்கு ஊத்தங்கரை மழை என்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

இந்த வழி வடிவமைப்பு எண்ணைத் தராது, "இது வந்தால் என்ன ஆகும்" என்பதைக் காட்டும். ஊர்க் கூட்டத்தில் நூறாண்டு வெள்ளம் என்றால் முகங்களில் ஒன்றும் தெரியாது. "அன்று திருச்செந்தூரில் பெய்தது இங்கே பெய்தால் தண்ணீர் பள்ளிக்கூடத்து ஜன்னல் வரை வரும்" என்றால் உடனே புரியும்.

ஏரிச் சங்கிலி உள்ள படுகைகளில் இன்னொன்றையும் இந்த வழியில்தான் பார்க்க முடிகிறது. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரிக்கு வருவது மழை வெள்ளம் மட்டுமல்ல, தேக்கிய நீரும் சேர்ந்துதான். எந்தச் சதவீதமும் அதை உள்ளடக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | தேவைப்படும் தரவு | காலநிலை நுழையும் இடம் | மறைந்த செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| சூத்திரம் + சதவீதம் | பரப்பு மட்டும் | ஆற்று நீர் | கெழுவின் பிழை மூடப்பட்டுவிடும் | சிறுபாலம், முதல் சரிபார்ப்பு |
| ஆற்றுப் பதிவு | 30 ஆண்டாவது, 50 இருந்தால் நல்லது | நேராக இல்லை | எழுதாத உச்சங்கள், அணை, மணல் | அடிப்படை எண் |
| மழையில் கூட்டல் | மழைத் தரவு, மண், சரிவு | மழை | அடிப்படைக் காலம் தெரியாவிட்டால் இருமுறை கூட்டும் ஆபத்து | பெரும்பாலான பாலம், கரை, கலிங்கு |
| காலநிலை மாதிரி | கணினி, ஆள், மாதங்கள் | மழை | முரண்படும் விடைகள் | அணை, முழுப் படுகைத் திட்டம் |
| நடந்த புயல் | புயல் நாளின் எல்லா மழைமானிகளும் | நடந்ததே சான்று | நிகழ்தகவு சொல்ல முடியாது | பாதுகாப்புச் சோதனை, மக்களிடம் விளக்க |

## கூட்டினால் செலவு எவ்வளவு ஏறும்

மேலதிகாரிகள் தயங்குவது இதனால்தான். அகலமான ஆற்றில் ஓட்டம் 20 சதவீதம் கூடினால் ஆழம் ஏறத்தாழ 12 சதவீதமே கூடும். ஆறு மீட்டர் ஆழத்துக்கு எழுபது சென்டிமீட்டர். 30 சதவீதத்துக்கு ஒரு மீட்டர். பாலத்தின் தளத்தை எழுபது சென்டிமீட்டர் உயர்த்துவது மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

பெரிய செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. தளத்தை உயர்த்தினால் இரு பக்கத்து அணுகுசாலையும் மண்மேடாக உயரும். வெள்ளச் சமவெளிக்குக் குறுக்கே அது ஒரு கரையாக நின்று, மேல்பக்கத்து ஊருக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும். அதிகம் கூட்டுவது எப்போதும் பாதுகாப்பு ஆகிவிடாது. ஒன்று, பாலத்தில் தண்ணீர் போகக் கூடுதல் கண்கள் வைக்க வேண்டும். இல்லையென்றால் அணுகுசாலையில் ஒரு நீளத்தை வேண்டுமென்றே தாழ்வாக விட்டு, கான்கிரீட் தளம் போட்டு, மிகை வெள்ளம் அதன் மேல் வழிய இடம் தர வேண்டும். பாலம் நிற்கும், சாலையை மறுநாள் திறந்துவிடலாம்.

அடித்தளத்துக்கு வேறு நியாயம். தளத்தை இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் உயர்த்த முடியும், தூணின் அடித்தளத்தை ஆழப்படுத்த முடியாது. ஆகவே தூணைச் சுற்றி வெள்ளம் மண்ணை அரிக்கும் ஆழத்தை இந்த நூற்றாண்டின் இறுதி வெள்ளத்துக்கும், தளத்தை அடுத்த முப்பது ஆண்டு வெள்ளத்துக்கும் போடுவதில் தவறில்லை. 3000 சதுர கி.மீ.க்குட்பட்ட படுகைகளில் அடித்தளத்துக்கு வெள்ளத்தை 30 சதவீதம் உயர்த்தச் சொல்கிறது, சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோடு காங்கிரஸின் விதி. "அதுதான் முப்பது ஏற்கெனவே இருக்கிறதே" என்று அதையே காலநிலைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த முப்பது, வெள்ள மதிப்பீட்டின் பிழைக்காகக் காலநிலைப் பேச்சு வருவதற்கு முன்பே வைத்த காப்பு. அதை எடுத்து இதற்குச் செலவழித்தால் அது காத்த இடம் வெறுமையாகிவிடும்.

## உங்கள் நிலைக்கு எது

ஊராட்சிச் சாலைச் சிறுபாலம் என்றால் முதல் வழியே போதும், கெழுவை மட்டும் தயங்காமல் உயர்ந்ததாக எடுங்கள். ஆற்றுப் பாலமோ தடுப்புக் கரையோ ஏரிக் கலிங்கோ என்றால் மூன்றாவது வழியில் கணக்கிட்டு, அருகில் நம்பகமான ஆற்றுப் பதிவு இருந்தால் இரண்டாவதை வைத்து இன்றைய எண்ணைச் சரிபாருங்கள். கீழே குடியிருப்பு இருந்தால் ஐந்தாவது வழிச் சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான்காவது வழிக்குப் பணமும் காலமும் தருகிறார்கள் என்றால் செய்யுங்கள், ஆனால் மூன்றாவதை முடித்த பிறகு.

எந்த வழியானாலும் வரைபடத்தின் மூலையில் இவற்றை எழுதிவிடுங்கள்: எந்த ஆண்டு வரைக்குமான மழை, எந்தெந்த மழைமானிகள், எத்தனை டிகிரி, மழையில் எத்தனை சதவீதம், எந்தப் புயலைப் போட்டுப் பார்த்தபோது நீர் எந்த மட்டத்தில் நின்றது. ஐந்து வரிகள். 2040இல் அந்தப் பாலத்துக்கு எஸ்டிமேட் போட வரும் பொறியாளர், நான் அந்தப் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருந்ததுபோல, வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.